கெர்லிட்ஸில் மிச்சம் வைத்த பிழை

ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி லென்ஸைக் கடந்து மறுபக்கம் ஒரு புள்ளியிலேயே வந்து கூட வேண்டும். புகைப்பட லென்ஸிடம் நாம் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். ஆனால் கோள வடிவில் தேய்த்த கண்ணாடியால் இதைச் சரியாகச் செய்ய முடியாது. ஓரத்தில் நுழையும் கதிர்கள் நடுவில் நுழையும் கதிர்களைவிட அதிகம் வளைந்து முன்னதாகவே கூடிவிடும். இதைக் கோளப்பிறழ்ச்சி என்கிறோம். சாய்வாக வரும் ஒளிக்கு வேறு தொல்லைகள் உண்டு: புள்ளிக்கு வால் முளைக்கும்; புள்ளி கோடாக இழுபடும்; தட்டையாக இருக்க வேண்டிய படத்தளம் கிண்ணம்போல் வளையும்; நேர்கோடு வில்லாகும். 1850களில் மியூனிக் நகரக் கணித அறிஞர் லுட்விக் ஸைடல் இந்த ஐந்து பிழைகளையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சமன்பாடு எழுதினார். நிறங்களால் வரும் பிழைகள் இரண்டு. சிவப்பும் நீலமும் வெவ்வேறு தூரத்தில் கூடுவது ஒன்று, வெவ்வேறு அளவில் படம் வரைவது மற்றொன்று. ஆக ஏழு பிழைகள். குவிதூரம் இத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தால் லென்ஸ் வடிவமைப்பவர் முன் எட்டு நிபந்தனைகள் நிற்கின்றன.

எட்டு நிபந்தனைகளை நிறைவேற்ற, மாற்றிப் பார்க்கக்கூடிய எட்டு அளவுகளாவது அவர் கையில் வேண்டும். மூன்று கண்ணாடித் துண்டுகளைத் தனித்தனியே, இடைவெளி விட்டு நிறுத்தினால் ஆறு பரப்புகளின் வளைவுகளும் இரண்டு இடைவெளிகளும் கிடைக்கின்றன. கூட்டினால் எட்டு. மூன்றுக்குக் குறைவான கண்ணாடியில் இது முடியாது. இங்கிலாந்தின் யார்க் நகரில், தொலைநோக்கி செய்து பேர்பெற்ற குக் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெரால்ட் டென்னிஸ் டெய்லர் 1893இல் காப்புரிமை பெற்ற லென்ஸ் இதுதான். முன்னும் பின்னும் குவிலென்ஸ், நடுவில் குழிலென்ஸ்.

டெய்லரின் யோசனையில் ஓர் அழகு இருக்கிறது. ஒரே வலிமையுள்ள குவிலென்ஸையும் குழிலென்ஸையும் ஒட்டி வைத்தால் ஒன்றின் வேலையை மற்றொன்று அழித்துவிடும். வெறும் கண்ணாடிப் பலகைதான் மிஞ்சும். இரண்டையும் சற்று விலக்கி வைத்தால் நிலைமை மாறுகிறது. குவிலென்ஸில் நுழைந்த ஒளிக்கற்றை ஒடுங்கியபடியே போய்க் குழிலென்ஸை அதன் மையத்துக்கு அருகில் தொடும். மையத்துக்கு அருகில் வளைப்பு குறைவு என்பதால் குழிலென்ஸால் குவிலென்ஸின் வேலையை முழுதாக அழிக்க முடியாது. கூட்டு மொத்தத்தில் குவிலென்ஸாகவே இருக்கும். படத்தளத்தின் வளைவுக்கான கணக்கிலோ இடைவெளிக்கு இடமே இல்லை. அங்கே இரண்டின் வலிமைகளும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, தளம் தட்டையாகிவிடுகிறது. பிறகு குவிலென்ஸை இரண்டாகப் பிரித்துக் குழிலென்ஸின் இருபுறமும் நிறுத்தினால் வாலும் கோணலும் அடங்குகின்றன. குக் நிறுவனத்துக்குப் புகைப்பட லென்ஸ் செய்யும் எண்ணம் இல்லை. தயாரிக்கும் உரிமை லெஸ்டர் நகரின் டெய்லர், டெய்லர் அண்ட் ஹாப்ஸன் நிறுவனத்துக்குப் போனது. அந்த டெய்லர்களுக்கும் இந்த டெய்லருக்கும் உறவு கிடையாது.

காப்புரிமை முடிந்ததும் ஜெர்மனியில் ஏறக்குறைய எல்லா லென்ஸ் கம்பெனிகளும் இந்த மூன்று கண்ணாடியைத் தம் பெயரில் செய்யத் தொடங்கின. ஸ்டைன்ஹைல் கசார் என்றது, ஷ்னைடர் ராடியோனார் என்றது, ரோடென்ஸ்டாக் ட்ரினார் என்றது. கெர்லிட்ஸ் நகரின் ஹூகோ மெயர் கம்பெனி வைத்த பெயர் ட்ரியோப்ளான்.

கெர்லிட்ஸ் ஜெர்மனியின் கிழக்கு ஓரம். நைஸ ஆற்றின் கரையில் இருக்கிறது. கார்ல் ஸைஸ் லென்ஸ் கம்பெனியின் யேனாவைப் போலவோ, கேமரா தொழிலின் தலைநகரான டிரெஸ்டனைப் போலவோ உலகம் அறிந்த ஊர் அல்ல. 1896இல் ஹூகோ மெயர் இங்கே லென்ஸ் பட்டறை தொடங்கினார். 1900இல் வந்த அரிஸ்டோஸ்டிக்மாட், ஒட்டப்படாத நான்கு பிறைவடிவக் கண்ணாடிகளால் ஆனது. கம்பெனிக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தது அதுதான். மெயர் 1905இல் இறந்த பிறகு குடும்பத்தார் தொழிலை நடத்தினார்கள். விலையில் ஸைஸுக்குக் கீழே, தரத்தில் பரவாயில்லை என்று சொல்லும்படியாக ஒரு நடுத்தர இடம் அவர்களுக்கு அமைந்தது. கேமரா வாங்க வருபவரின் பையில் பணம் குறைவாக இருந்தால் கடைக்காரர் மெயர் லென்ஸ் போட்ட கேமராவை எடுத்துக் காட்டுவார். பல பத்தாண்டுகளுக்கு அந்தக் கம்பெனியின் பிழைப்பு இதை நம்பித்தான் நடந்தது.

இந்த இரண்டாம் வரிசைக் கம்பெனிக்கு 1920இல், லென்ஸ் வரலாற்றின் முதல் வரிசை மனிதர் ஒருவர் வேலைக்கு வந்தார். பவுல் ருடோல்ஃப். அப்போது அவருக்கு 62 வயது.

ருடோல்ஃப் 1858இல் பிறந்தவர். 1886இல் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபெயின் உதவியாளராக ஸைஸில் சேர்ந்தார். அந்தச் சமயத்தில்தான் யேனாவில் ஓட்டோ ஷாட் பேரியம் கலந்த புதுவகைக் கண்ணாடிகளை உருக்கி எடுத்துக்கொண்டிருந்தார். பழைய கிரௌன், ஃபிளின்ட் கண்ணாடிகளில் ஒளிவிலகல் எண் கூடினால் நிறப்பிரிகையும் கூடியே தீரும். ஷாட்டின் கண்ணாடி இந்தக் கட்டை அவிழ்த்தது. விலகல் அதிகமாகவும் நிறப்பிரிகை குறைவாகவும் உள்ள கண்ணாடியைக் கொண்டு ருடோல்ஃப் 1890இல் புரோட்டார் லென்ஸை வரைந்தார். 1896இல் பிளானார். 1902இல் டெஸ்ஸார். டெஸ்ஸார் நான்கே கண்ணாடி, பின்னிரண்டும் ஒட்டியவை. இருபதாம் நூற்றாண்டில் எத்தனையோ கம்பெனிகள் அதைப் பின்பற்றிச் செய்திருக்கின்றன. 1911இல் அவர் ஸைஸை விட்டு ஓய்வுபெற்றார். சேர்த்த செல்வம் இருந்தது. முதல் உலகப்போரும் அதன்பின் ஜெர்மனியைச் சூறையாடிய பணவீக்கமும் அந்தச் செல்வத்தைக் கரைத்துவிட்டன. முதுமையில் சம்பளம் தேடி அவர் வந்து சேர்ந்த இடம் கெர்லிட்ஸ்.

வந்தவர் பெயரை விற்றுப் பிழைக்கவில்லை. பழைய டெஸ்ஸாரைக் கொஞ்சம் மாற்றித் தந்திருந்தாலே மெயர் கம்பெனி மகிழ்ந்திருக்கும். அவர் யாரும் அதிகம் கவனிக்காத ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டார். கோளப்பிறழ்ச்சியை ஒரு நிறத்துக்குச் சரிசெய்தால் இன்னொரு நிறத்துக்கு அது மிச்சமிருக்கும். மஞ்சளில் கூர்மையான லென்ஸ் நீலத்தில் மங்கும். இதை எல்லா நிறங்களுக்கும் சேர்த்து அடக்க அவர் வரைந்ததுதான் பிளாஸ்மாட். ஆறு கண்ணாடிகள், நடுத்துளையின் இருபுறமும் ஒட்டிய ஜோடி ஒன்றும், சிறு இடைவெளி விட்டு ஒற்றை ஒன்றும். சினிமா கேமராக்களுக்காக இதன் துளையை f/1.5 வரை திறந்து 1922இல் கினோ பிளாஸ்மாட் வந்தது. அந்தக் காலத்து மந்தமான ஃபிலிமில், மாலை வெளிச்சத்தில் படம் எடுக்க நினைத்தவருக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்று யோசித்துப் பாருங்கள். இன்று பலகைக் கேமராவில் தாள் ஃபிலிம் மாட்டிப் படமெடுப்பவர்கள் பயன்படுத்தும் பெரும்பாலான நவீன லென்ஸ்களின் அடிப்படை அமைப்பு பிளாஸ்மாட்தான். ருடோல்ஃப் 1935இல் காலமானார். ஸைஸில் செய்த டெஸ்ஸாருக்காகவே அவரைப் புத்தகங்கள் கொண்டாடுகின்றன. கெர்லிட்ஸில், எல்லாம் இழந்த பின் அவர் செய்ததையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஆனால் மெயரின் பெயரை இன்று வரை கொண்டுவந்து சேர்த்தது மேதையின் பிளாஸ்மாட் அல்ல. சிக்கன லென்ஸான ட்ரியோப்ளான்.

1936இல் டிரெஸ்டனின் இஹாகே கம்பெனி கினே எக்ஸாக்டா என்ற 35 மி.மீ. ரிஃப்ளெக்ஸ் கேமராவை வெளியிட்டது. லென்ஸைக் கழற்றி மாட்டலாம். ஸைஸ் லென்ஸ் வாங்க வசதியுள்ளவர் அதை வாங்கினார். மற்றவர்களுக்கு மெயர் இருந்தது. மெயரின் ப்ரீமோப்ளான் f/1.9 என்ற வேகமான லென்ஸும் அப்போது வந்ததுதான். முகங்களைச் சற்றுத் தள்ளி நின்று எடுப்பதற்கென்று 100 மி.மீ. குவிதூரத்தில் f/2.8 ட்ரியோப்ளான் வந்தது. மூன்றே கண்ணாடி. f/2.8 என்றால் குவிதூரத்தை 2.8ஆல் வகுத்தால் வரும் துளை விட்டம், ஏறக்குறைய 36 மி.மீ. இவ்வளவு அகலமான ஒளிக்கற்றையை வெறும் மூன்று கண்ணாடியால் அடக்குவது எளிதல்ல.

ஏன் எளிதல்ல என்பதில்தான் இந்த அத்தியாயத்தின் உயிர் இருக்கிறது. எட்டு அளவுகளால் எட்டு நிபந்தனைகளையும் நிறைவேற்றலாம் என்றேன். அந்தக் கணக்கு ஸைடலின் முதல் தோராயத்துக்கு மட்டுமே பொருந்தும். துளை பெரிதாகும்போது அடுத்த அடுக்குப் பிழைகள் தலைதூக்குகின்றன. கோளப்பிறழ்ச்சியில் ஒரு பகுதி, மையத்திலிருந்து கதிர் விலகும் தூரத்தின் மும்மடியாக வளரும். மற்றொரு பகுதி ஐந்தாம் அடுக்காக வளரும். ஒன்றை மற்றொன்றுக்கு எதிராக நிறுத்தி, துளையின் ஏதோ ஒரு வளையத்தில் இரண்டும் சமமாகும்படி செய்யலாம். எல்லா வளையங்களிலும் செய்ய முடியாது. குட்டைப் போர்வையால் தலையை மூடினால் கால் வெளியே தெரியும். எதை மூடுவது, எதை வெளியே விடுவது என்பது வடிவமைப்பவரின் முடிவு. அந்த முடிவை அவர் மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு, கதிர் கதிராக, பரப்பு பரப்பாகக் கையால் கணக்குப் போட்டு எடுத்தார்.

100 மி.மீ. ட்ரியோப்ளானில் மிச்சம் விடப்பட்டது ஓரக்கதிர்களின் பிழை. தனிக் குவிலென்ஸில் ஓரக்கதிர்கள் முன்னதாகக் கூடும். குழிலென்ஸ் அவற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது. இந்த லென்ஸில் முழுத்துளையின் விளிம்பில் அது சற்று அதிகமாகவே தள்ளிவிடுகிறது. ஓரக்கதிர்கள் மற்றவற்றைத் தாண்டிப் பின்னால் போய்க் கூடுகின்றன. ஃபோகஸ் செய்த இடத்தில் இதனால் வருவது கூர்மையான நடுவும் அதைச் சுற்றி மெல்லிய ஒளிப்படலமும். கூர்மையை எண்ணி மதிப்பெண் போடுபவர் இதைக் குறை என்றே எழுதுவார்.

இப்போது ஃபோகஸுக்கு வெளியே, பின்னணியில் நிற்கும் ஒரு பனித்துளியை எடுத்துக்கொள்வோம். அதன் ஒளி ஃபிலிமுக்கு முன்பாகவே கூடி, மீண்டும் விரிந்து, ஃபிலிமில் ஒரு வட்டமாக விழுகிறது. பிழையே இல்லாத லென்ஸில் அந்த வட்டம் முழுக்க ஒரே வெளிச்சமாக இருக்கும். ட்ரியோப்ளானில் ஓரக்கதிர்கள் தாமதமாகக் கூடுவதால், ஃபிலிமை அடைவதற்குள் விரிய அவற்றுக்குக் கிடைக்கும் தூரம் குறைவு. எனவே அவை போக வேண்டிய அளவு வெளியே போகாமல், தமக்கு உள்ளே விழும் கதிர்களோடு நெருங்கி விழுகின்றன. வட்டத்தின் விளிம்பில் ஒளி அடர்கிறது. உட்புறம் மெலிந்து, விளிம்பு பளிச்சென்று, ஒளி ஊடுருவும் ஒரு குமிழி பிறக்கிறது. புகைப்படக்காரர்கள் இதைச் சோப்புக் குமிழி என்றே அழைக்கிறார்கள். 15 தகடுகள் கொண்ட துளை என்பதால் சற்று மூடினாலும் வட்டம் பலகோணமாக உடைவதில்லை.

குமிழியின் அளவையும் கணக்கிடலாம். 1.1 மீட்டர் தூரத்தில் உள்ள பூவை ஃபோகஸ் செய்தால், மிகத் தொலைவிலுள்ள ஒளிப்புள்ளி ஏறக்குறைய 3.6 மி.மீ. விட்டமுள்ள வட்டமாகும். 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அகலம் 36 மி.மீ. ஆக ஒவ்வொரு குமிழியும் படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு. பூவுக்கு முன்னால், கேமராவுக்கு அருகில் இருக்கும் துளிகள் குமிழியாவதில்லை. அவற்றின் ஒளி ஃபிலிமுக்குப் பின்னால் கூடும். அங்கே கணக்கு தலைகீழாகி, நடு பிரகாசமாகவும் விளிம்பு கரைந்தும் மென்மையான பொட்டு விழும். ஒரே படத்தில் முன்னால் மென்மையும் பின்னால் குமிழியும் வருவது, அந்த ஒரு பிழையின் இரண்டு முகங்கள். துளையை f/5.6க்கு மூடினால் ஓரக்கதிர்கள் தடுக்கப்பட்டு விளிம்பின் பளபளப்பு மறைந்துவிடும். மற்ற லென்ஸ்களைப் போலவே அதுவும் கூர்மையாகப் படம் எடுக்கும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது நைஸ ஆறு எல்லைக்கோடு ஆனது. ஆற்றின் கிழக்குக் கரையில் இருந்த ஊர்ப்பகுதி போலந்துக்குப் போய் ஸ்கோஸெலெட்ஸ் ஆனது. மேற்குக் கரை ஊர் சோவியத் பகுதியில் வந்தது. மெயர் கம்பெனி அரசுடைமையானது. பிறகு வந்த கிழக்கு ஜெர்மனியில் தொழிற்சாலை ட்ரியோப்ளானைத் தொடர்ந்து செய்தது. போருக்குப் பிந்தைய லென்ஸ்களின் முகப்பில் சிவப்பில் ஒரு வி எழுத்து இருக்கும். பரப்புகளில் எதிரொளிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சு போட்டதற்கு அது அடையாளம். பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் 4 முதல் 5 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். ஆறு பரப்புகளைக் கடக்கும்போது கால் பங்கு ஒளி போய்விடும், போனதில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து படத்தை வெளுக்கச் செய்யும். பூச்சுக்கு விதை போட்டவரும் அதே டென்னிஸ் டெய்லர்தான். காற்றுப்பட்டு நிறம் மங்கிய பழைய லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியை உள்ளே விடுவதை 1890களில் கவனித்துச் சொன்னவர் அவர்.

1960களில் கெர்லிட்ஸின் பட்டியல் விரிந்தது. ஓரெஸ்டான், ஓரெஸ்டார், ஓரெஸ்டெகோர், லிடித் என்று பல பெயர்கள். அடிமட்ட விலையில் எக்ஸா, பிராக்டிகா கேமராக்களோடு சேர்த்து விற்கப்பட்ட டோமிப்ளான் மீண்டும் அதே மூன்று கண்ணாடிதான், 50 மி.மீ. குவிதூரத்தில். அதன் தானியங்கித் துளை அடிக்கடி சிக்கிக்கொள்ளும் என்று அந்தக் காலத்தில் அதை வைத்திருந்தவர்கள் சலித்துக்கொண்டது உண்டு. 100 மி.மீ. ட்ரியோப்ளான் அந்தப் பத்தாண்டிலேயே நிறுத்தப்பட்டது. 1968இல் தொழிற்சாலை டிரெஸ்டனின் பென்டகானோடு இணைக்கப்பட்டது. 1971இலிருந்து மெயர் என்ற பெயரே லென்ஸ் முகப்பிலிருந்து நீங்கியது. ஓரெஸ்டான் f/1.8 அப்படியே பென்டகான் f/1.8 ஆனது. 1985இல் பென்டகானை ஸைஸ் யேனா விழுங்கியது. ஜெர்மனிகள் ஒன்றுசேர்ந்ததும், ஜப்பானியக் கேமராக்களோடு திறந்த சந்தையில் போட்டியிட முடியாமல், 1991இல் கெர்லிட்ஸ் தொழிற்சாலை கலைக்கப்பட்டது.

பழைய லென்ஸ்களுக்கு வேறோர் இடத்திலிருந்து உயிர் வந்தது. எக்ஸாக்டாவின் லென்ஸ் இருக்கைக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 44.7 மி.மீ. தூரம். டிஜிட்டல் ரிஃப்ளெக்ஸ் கேமராக்களில் ஒளியை மேலே திருப்பும் ஆடி மடங்கி எழுவதற்கு இடம் வேண்டும் என்பதால் அதேபோன்ற தூரமோ அதற்கு மேலோ இருக்கும். எக்ஸாக்டா லென்ஸை அங்கே பொருத்த இடமில்லை. 2008க்குப் பின் வந்த, அந்த ஆடி இல்லாத (மிரர்லெஸ்) கேமராக்களில் அந்தத் தூரம் 18, 20 மி.மீ. என்று சுருங்கியது. மிச்சமான இடத்தில் ஓர் உலோக வளையத்தை நுழைத்தால் ஏறக்குறைய எந்தப் பழைய ரிஃப்ளெக்ஸ் லென்ஸும் பொருந்தும். படத்தை அங்கேயே திரையில் பார்த்துக்கொண்டு ஃபோகஸ் செய்யலாம். குமிழி வருகிறதா என்று எடுப்பதற்கு முன்பே தெரியும். இந்த ஒரு மாற்றமே ட்ரியோப்ளானின் விலையை ஏற்றியது. புதிய லென்ஸ்கள் எல்லாமே கூர்மையாகிவிட்ட காலத்தில் கூர்மை தேடி யாரும் பழைய லென்ஸ் வாங்கவில்லை. புதியவற்றில் இல்லாத பிழைக்காக வாங்கினார்கள். கினோ பிளாஸ்மாட்டையும் அதன் சுழலும் பின்னணிக்காக இன்று பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். நிறங்களை அடக்க இரவுபகலாகக் கணக்குப் போட்ட ருடோல்ஃப், சாய்கதிர்களில் அடக்க முடியாமல் விட்ட மிச்சம் அது.

2014இல் ஒரு ஜெர்மன் நிறுவனம் மெயர் பெயரை எடுத்துக்கொண்டு, பொதுமக்களிடம் முன்பணம் திரட்டிப் புதிய ட்ரியோப்ளானைச் செய்தது. 2018இல் அது திவாலானது. பணம் கட்டியிருந்த பலருக்கு லென்ஸ் வந்து சேரவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. ஒரு பழைய பெயரின் மீதிருந்த நம்பிக்கையை வைத்து வாங்கிய பணம் அது. அதே ஆண்டின் இறுதியில் பாட் க்ரொய்ட்ஸ்நாக் ஊரின் ஓபிசி நிறுவனம் பெயரின் உரிமையை வாங்கி மறுபடியும் தொடங்கியது.

புதிய ட்ரியோப்ளானை வரைபவரின் வேலை பழையவருடையதற்கு நேரெதிர். இன்றைய மென்பொருளில் எல்லாப் பிழைகளுக்கும் சுழியம் என்ற இலக்கைக் கொடுத்துவிட்டால், கணினி லட்சக்கணக்கான கதிர்களை அனுப்பிப் பார்த்து லென்ஸைத் திருத்திக்கொண்டே போகும். இந்த லென்ஸில் அப்படி விட்டால் குமிழி போய்விடும். ஓரக்கதிர்கள் எவ்வளவு தாமதமாகக் கூட வேண்டும் என்பதையும் ஓர் இலக்காகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கையால் கணக்குப் போட்டவர் முடியாமல் விட்டதை, இவர் அளந்து வைக்கிறார்.

விலை கொடுக்க இயலாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் ஸ்லைடு புரொஜெக்டர்களில் டயாப்ளான் என்ற 100 மி.மீ. f/2.8 லென்ஸ் இருந்தது. செய்தது மெயர். உள்ளே இருப்பது அதே மூன்று கண்ணாடி. ஃபோகஸ் வளையம் கிடையாது, துளையை மூடும் தகடுகளும் கிடையாது, வெறும் குழாய். பழைய சாமான் சந்தையில் அதை வாங்கி, திருகி நீளும் வளையம் ஒன்றில் ஒட்டிக் கேமராவில் மாட்டிக்கொள்கிறார்கள். துளையை மூட முடியாத லென்ஸ் என்பது மற்ற எந்த வேலைக்கும் தொல்லைதான். குமிழிகளோ முழுத்துளையில் மட்டுமே பிறப்பவை.